கூட யார் இருக்கீங்க? – 17: கல் எடுத்த நாள் விருந்து

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகம் அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் போன கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவர் கொடுத்தால் ஒரு வழி. சிநேகிதர் கொடுக்க வந்தால் நம் நாட்டுச் சட்டம் என்னவெல்லாம் கேட்கும் என்பதை இந்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வைத்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் நான்கு சிங்கி இறால்கள் குறுக்கே வந்துவிட்டன.

வியாழன் மாலை உதவி ஆசிரியர் போன் செய்தார். "சார், சட்டம் எந்த மட்டுல இருக்கு?"

"இறால்ல இருக்கு, தம்பி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி சார், ஏழு மணிக்குள்ள அனுப்பிடுங்க" என்றார். பதினாறு வாரமாக என்னோடு குப்பை கொட்டுகிறவர். இதற்குமேல் கேட்க மாட்டார்.

இறால் விஷயம் இதுதான். 1663 ஏப்ரல் 4, லண்டன். கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கும் முப்பது வயது சாமுவேல் பீப்ஸ் தன் வீட்டில் விருந்து வைக்கிறார். முயலும் கோழியும் சேர்த்துச் செய்த குழம்பு. வேகவைத்த ஆட்டுத்தொடை. ஒரே தட்டில் மூன்று கெண்டை மீன். ஆட்டுக்குட்டியின் ஒரு பக்கம் முழுதாக. வறுத்த புறாக்கள். நான்கு சிங்கி இறால். மூன்று டார்ட். விலாங்கு மாதிரி நீளமாக இருக்கும் லாம்ப்ரே மீனை மாவுக்குள் பொதிந்து சுட்ட ஒரு பை. ஒரு தட்டு நெத்தலி. இவற்றோடு பல தினுசு ஒயின். இவ்வளவையும் அவர் அன்றிரவே நாட்குறிப்பில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்.

பிறந்தநாள் இல்லை, அது பிப்ரவரியில் போய்விட்டது. கல்யாண நாளும் இல்லை. ஐந்து வருடங்களுக்கு முன், 1658 மார்ச் 26 அன்று, அவருடைய சிறுநீர்ப்பையிலிருந்து ஒரு கல்லை அறுத்து எடுத்தார்கள். அந்த நாளைக் கொண்டாடத்தான் இந்த விருந்து. அந்த வருடம் தேதி கொஞ்சம் தள்ளிப்போனதால் ஏப்ரலில் வைத்தார்.

பீப்ஸைப் பலருக்குத் தெரிந்திருக்கும். 1665-இன் கொள்ளைநோயையும் 1666-இன் லண்டன் பெருந்தீயையும் கண்ணால் பார்த்து எழுதியவர். தீ நெருங்கியபோது பாலாடைக்கட்டியைத் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைத்தவர். பள்ளிப் பாடப்புத்தக பீப்ஸ் அதோடு முடிந்துவிடுகிறார். வருடா வருடம் ஆபரேஷன் நாளுக்குச் சாப்பாடு போட்டவரை இந்த வாரம்தான் நான் சரியாகச் சந்தித்தேன்.

சமையல்காரியைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. 1662-இல் இதே விருந்துக்கு வெளியிலிருந்து ஆண் சமையல்காரர் ஒருவரை வரவழைத்திருந்தார் பீப்ஸ். அடுத்த வருடம் மார்ச் 26 அன்று, அதாவது கல் எடுத்த நாளன்றே, அவர் வீட்டுக்குப் புதிதாக ஒரு சமையல்காரி வேலைக்குச் சேர்கிறாள். சம்பளம் வருடத்துக்கு 4 பவுன். வாழ்க்கையில் இவ்வளவு சம்பளம் யாருக்கும் கொடுத்ததில்லை என்று பீப்ஸ் குறித்து வைக்கிறார். அவள் முன்பு மங்க் பிரபுவின் வீட்டில் வேலை செய்தவள். மங்க் யார்? படையோடு லண்டனுக்குள் நுழைந்து, மன்னர் இரண்டாம் சார்லஸ் திரும்பி வர வழி செய்த தளபதி. அப்பேர்ப்பட்ட வீட்டு அடுப்படியிலிருந்து வந்தவள், சேர்ந்த பத்து நாளுக்குள் மேலே சொன்ன அத்தனையும் சமைக்கிறாள். விருந்து சாப்பாடு முழுவதையும் எங்கள் வீட்டின் ஒரே வேலைக்காரி நேர்த்தியாகச் செய்து முடித்தாள் என்று ஏப்ரல் 4 அன்று பீப்ஸ் பூரித்துப்போகிறார். இரண்டு குறிப்பையும் சேர்த்துப் படித்தால், கல்லுக்கு நன்றி சொல்வதற்கென்றே நாள் பார்த்து அவளை வேலைக்கு எடுத்தாரோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, யாருக்கு இந்தச் சாப்பாடு? அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் அந்த நாட்குறிப்புக்குள் போனேன்.

*

1658-இல் பீப்ஸுக்கு வயது 25. கல்யாணமாகி மூன்று வருடம் முடியவில்லை. அரசுக் கருவூலத்தில் சின்ன குமாஸ்தா. பெரிய உத்தியோகத்தில் இருந்த உறவினர் எட்வர்ட் மொன்டேகுவின் ஜாகையில் ஒண்டிக்கொண்டு குடித்தனம். சின்ன வயதிலிருந்தே கல் வலி. அறுத்துவிடுவது என்று கடைசியில் துணிந்தார்.

அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகள் ஏழைகளுக்கானவை. கைக்காசு கொடுத்து வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அறுவை வீட்டில்தான் நடக்கும். எந்த வீட்டில் என்பதுதான் சிக்கல். ஒண்டுக்குடித்தனத்தில் செய்ய முடியாது. பீப்ஸ் பிறந்த சாலிஸ்பரி கோர்ட்டில் அவருடைய அப்பாவின் தையற்கடை இருந்தது. அதே பகுதியில் இருந்த ஜேன் டர்னர் தன் வீட்டைக் கொடுத்தார். ஜேன், பீப்ஸுக்கு ஒன்றுவிட்ட உறவு. கணவர் வக்கீல். நல்ல வசதி. தியோஃபிலா என்று ஒரு சின்னப் பெண் குழந்தையும் அந்த வீட்டில் உண்டு.

வீட்டைக் கொடுப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஈதர் கொடுத்து மயங்க வைத்து அறுக்கலாம் என்று உலகம் ஊரறியப் பார்த்தது 1846 அக்டோபரில். இன்னும் 188 வருடம் இருக்கிறது. நோயாளியை மேஜையில் கட்டிப் போடுவார்கள். பலசாலிகள் சிலர் பிடித்துக்கொள்வார்கள். செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாலியர் கத்தி பிடித்தார். விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் கீறி, சிறுநீர்ப்பை வரை போய், இடுக்கியால் கல்லை வெளியே இழுக்க வேண்டும். தையல் போடும் வழக்கம் கிடையாது. புண் தானாக ஆறும்வரை சிறுநீர் அதன் வழியாகவும் கசியும். கத்தி வேலை சில நிமிடம். கட்டிலோ பல வாரம். அத்தனை வாரமும் துணி மாற்றுவதும் கஞ்சி வைப்பதும் இரவில் முனகல் கேட்டு எழுந்து வருவதும் அந்த வீட்டுக்காரர்கள் தலையில். இதை ஒருவர் தன் வீட்டுக்குள், குழந்தை விளையாடும் இடத்தில், நடத்திக்கொள்ளச் சொன்னார் என்பதுதான் என்னை இந்த வாரம் பிடித்துக்கொண்டது.

பீப்ஸ் பிழைத்தார். உயிருள்ளவரை இந்த நாளைத் திருநாளாகக் கொண்டாடுவது என்று சங்கல்பம் செய்துகொண்டார். சங்கல்பத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு: ஜேன் டர்னரும் அவர் கூட்டமும் ஒவ்வொரு முறையும் கூட இருக்க வேண்டும். 1660-இல் கப்பலில் மாட்டிக்கொண்டதால் விருந்து வைக்க முடியவில்லை. ஆனால் தேதியை எழுதி, சங்கல்பத்தையும் எழுதி வைத்தார். பிந்திய வருடங்களில் விருந்து விட்டுப்போனதும் உண்டு. தேதி மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

நம் ஊரில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் திருப்பதி, பழனி, வேளாங்கண்ணி, நாகூர் என்று வேண்டுதல் நிறைவேறும். டாக்டருக்கு ஒரு சால்வை போகும். காரிடாரில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவருக்கு என்ன போகிறது? "அவன் நம்ம பையன்தானே" என்று ஒரு வாக்கியம். பீப்ஸும் கடவுளுக்கு நன்றி சொன்னார், தவறாமல் சொன்னார். ஆனால் முதல் இலையை வீடு கொடுத்தவருக்குப் போட்டார்.

*

இந்த இடத்தில் நேராக 1669-க்குப் போயிருக்க வேண்டும். ஆனால் கட்டிப்போட்டுப் பிடித்துக்கொள்வதைப் பற்றி எழுதும்போது சுசுருத சம்ஹிதையை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கல்லடைப்புக்கான அறுவையை அந்த நூலின் சிகிச்சைப் பகுதியில் ஏழாம் அத்தியாயம் விவரிக்கிறது. முழங்கால் உயரப் பலகை ஒன்றில் முதலில் ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும். அந்த ஆள் பலசாலியாகவும், எதைக் கண்டும் கலங்காதவராகவும் இருக்க வேண்டும். நோயாளியின் மேலுடம்பை அவர் மடியில் சாய்த்துப் படுக்க வைத்த பிறகுதான் வைத்தியர் வேலையைத் தொடங்குவார். ரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் எழுதிய செல்சஸும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்: பலமும் விவரமும் உள்ள ஓர் ஆள் உயரமான ஆசனத்தில் உட்கார்ந்து சிறுவனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், நோயாளி வலுவானவன் என்றால் பக்கத்துக்கு ஒருவராக இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

இரண்டு நூல்களும் கத்தி எப்படி இருக்க வேண்டும், விரல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அதே தொனியில் மடிக்கும் இலக்கணம் சொல்கின்றன. கலங்காத ஆள் ஒருவர் இல்லாவிட்டால் அறுவையே இல்லை. இன்று அந்த வேலையை மயக்க மருந்தும் மேஜையின் பட்டைகளும் எடுத்துக்கொண்டன. கூட இருப்பவர் கதவுக்கு வெளியே போய்விட்டார். ஆனால் நர்ஸ் முதலில் கேட்பது இன்றைக்கும் "பேஷண்ட் கூட யாரு?" என்றுதான்.

யாருமே வேண்டாம் என்று நினைத்த ஆளும் இருந்திருக்கிறார். 1651-இல் ஆம்ஸ்டர்டாமில் யான் டி டூட் என்ற கொல்லர், வைத்தியர்கள்மேல் நம்பிக்கை போய், தானே அடித்துச் செய்த கத்தியால் தன் கல்லைத் தானே அறுத்து எடுத்தார். மனைவிக்குத் தெரியக் கூடாது என்று அவரை மீன் சந்தைக்கு அனுப்பிவிட்டார். கோழிமுட்டை அளவுக் கல். நிக்கோலாஸ் டுல்ப் என்ற பெயர்பெற்ற மருத்துவர் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒரு கையில் கத்தியும் மறுகையில் கல்லுமாகக் கொல்லர் நிற்கும் ஓவியம் 1655-இல் தீட்டப்பட்டது. ஆனால் டுல்ப் சொல்வதைக் கவனித்துப் படித்தால், தனியே செய்த அந்த மகா தீரருக்கும் பிடித்துக்கொள்ள அவர் சகோதரர் கூட இருந்திருக்கிறார்! ஓவியத்தில் சகோதரர் இல்லை. கூட இருக்கிறவர்களுக்கு எப்போதும் நடப்பதுதான்.

இதற்கு நேர் எதிர், நாவலாசிரியை ஃபேனி பர்னி. 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, மயக்க மருந்தில்லாமல் அவருடைய மார்பகத்தை அறுத்து எடுத்தார். கணவர் பக்கத்தில் இருந்தால் தாங்கமாட்டார் என்று, அவருக்குத் தெரியாதபடி அவரை வெளியே தங்கவைக்க ஏற்பாடு செய்தார் பர்னி. கூட இருக்காதே என்று சொல்வதும் அன்புதான். பின்னர் அக்கா எஸ்தருக்கு அவர் எழுதிய கடிதம் மருத்துவ வரலாற்றில் தனி இடம் பிடித்தது. அவர் இன்னும் 28 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். அவருக்கு ஒரு வாரம் முழுசாக வேண்டும், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று. பிரெஞ்சு இசைக்கலைஞர் மாரன் மாரே 1725-இல் வெளியிட்ட இசைத் தொகுப்பில் கல் அறுவையையே ஒரு சிறு உருப்படியாக அமைத்திருக்கிறார். மேஜையைப் பார்த்து நடுங்குவது, ஏறுவது, கைகால்களைப் பட்டுக் கயிறால் பிணைப்பது, கீறுவது, கல் வெளியே வருவது, கட்டிலுக்குத் தூக்கிப் போவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் குறிப்பு உண்டு. மூன்று நிமிடம்போல ஓடும். அது முடிந்ததும் படுக்கையிலிருந்து எழுந்ததைக் கொண்டாடும் நடன இசை தொடர்கிறது. யூடியூபில் கேட்கலாம். சாப்பிடும்போது வேண்டாம்.

*

பீப்ஸ் கல்லைத் தூக்கி எறியவில்லை. 1664 ஆகஸ்டில் அதை வைக்க ஒரு பெட்டி செய்யச் சொல்கிறார். விலை 25 ஷில்லிங். பவுனுக்கு 20 ஷில்லிங் என்ற கணக்கில் ஒன்றேகால் பவுன். மங்க் பிரபு வீட்டிலிருந்து வந்த சமையல்காரியின் வருடச் சம்பளம் 4 பவுன் என்று பார்த்தோம். அதாவது அவள் நாலு மாதம் அடுப்பில் வெந்து சம்பாதிப்பதில் கொஞ்சம்தான் குறைவு, ஒரு கல்லின் பெட்டிக்கு.

அவர் அம்மாவுக்கும் கல் உபாதை உண்டு. 1660 டிசம்பரில் பீப்ஸ் பார்க்கப் போனபோது அம்மாவுக்கு ஒரு கல் தானாகவே வெளிவந்திருந்தது. அதை அவர் கணப்படுப்புப் பக்கம் தவறவிட்டுவிட்டார். மகனுக்குக் காட்டத் தேடியும் கிடைக்கவில்லை. அம்மாவின் கல் சாம்பலோடு போனது. மகனின் கல் பெட்டிக்குள் ஏறியது.

நாமும் குறைந்தவர்களில்லை. பித்தப்பை ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் கதவு திறந்து, "அட்டெண்டர் யாரு?" என்று கூப்பிட்டு, தட்டில் கல்லைக் காட்டுவார்கள். நோயாளி கண்விழிக்கும் முன்னரே அவர் வயிற்றுக்குள் இருந்ததைப் பார்த்துவிடுகிறவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிநேகிதர்தான். சிலர் சின்ன பாட்டிலில் போட்டு வாங்கி வருவார்கள். ஒரு வாரம் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டப்படும். பிறகு மருந்துச் சீட்டுகளோடு அலமாரிக்குள் போய்விடும்.

பீப்ஸின் பெட்டிக்கு வேறு வேலை இருந்தது. 25 ஷில்லிங் வீண் செலவென்று நினைத்த எனக்கு அடுத்த பக்கத்தில் பதில் கிடைத்தது. அது பீப்ஸின் நாட்குறிப்பில் இல்லை. கண் கெட்டுவிடும் என்ற பயத்தில் 1669 மே 31 அன்று அவர் நாட்குறிப்பையே நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்து நடந்ததை அவருடைய சிநேகிதர் ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

ஈவ்லின் பீப்ஸைவிட 12 வயது மூத்தவர். மரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய தம்பி ரிச்சர்டைக் கல் வாட்டி எடுத்துக்கொண்டிருந்தது. அறுவைக்குத் தம்பிக்குத் தைரியம் வரவில்லை. 1669 ஜூன் 10 மாலை, ஈவ்லின் பீப்ஸைத் தம்பியிடம் அழைத்துப் போகிறார். டென்னிஸ் பந்து அளவுள்ள அந்தக் கல்லும் கூடப் போகிறது. இவ்வளவு பெரிய கல் எனக்குள் இருந்தது, எடுத்தார்கள், பதினோரு வருடம் ஆயிற்று, உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் பாருங்கள் என்று காட்டுவதற்காக. (அந்தக் காலத்து டென்னிஸ் பந்து இப்போதையதைவிடச் சின்னது. சின்னதென்றாலும் பந்து பந்துதான்.)

தம்பியிடம் எதைக் கேட்கிறோம் என்று ஈவ்லினுக்கும் நன்றாகத் தெரியும். 1650-இல் பாரிஸின் லா ஷாரித்தே மருத்துவமனையில் அவர் நின்று இந்த அறுவையைப் பார்த்திருக்கிறார். நாற்பது வயது ஆளிடமிருந்து வான்கோழி முட்டையைவிடப் பெரிய கல்லை எடுத்ததை எழுதியும் வைத்திருக்கிறார். பார்த்தவர் ஒருவர், பட்டவர் ஒருவர். இருவரும் சேர்ந்து போய்ப் படுக்கையருகே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பயந்தவரிடம் "ஒண்ணும் ஆகாது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "எனக்கு ஆச்சு, இதோ" என்று சொல்ல ஒருவர் கிடைப்பது அபூர்வம். கீமோ வார்டுகளிலும் டயாலிசிஸ் அறைகளிலும் பழைய நோயாளி ஒருவர் வந்து புதியவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போவதை நீங்களும் பார்த்திருக்கலாம். முடி திரும்ப முளைத்த தலையைக் காட்டுவார்கள். அவர்கள் கையில் இருப்பதும் பீப்ஸின் பெட்டிதான்.

ரிச்சர்ட் ஈவ்லின் அறுவைக்கு உட்படவில்லை. 1670 மார்ச்சில் இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த கல் ஜாதிக்காயைவிட அதிகம் பெரிதில்லை.

இந்தக் கணக்கில் நியாயமே இல்லை. பந்து அளவுக் கல் எடுக்கப்பட்டவர் பிழைத்தார். ஜாதிக்காய் அளவோடு இருந்தவர் போனார். ஆனால் ரிச்சர்டைக் கோழை என்று எழுத நான் தயாராக இல்லை. அந்தக் கத்திக்குக் கீழே படுத்து எழுந்திருக்காதவர்களும் பலர் உண்டு. சிநேகிதர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரலாம். படுக்க வேண்டியது அவரவர்தான்.

*

அந்த ஜூன் மாலைக்குப் பிறகு, பீப்ஸுக்கும் ஈவ்லினுக்கும் இடையே அடுத்த மாதங்களில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். ஆகஸ்டில் பீப்ஸ் மனைவி எலிசபெத்தை அழைத்துக்கொண்டு பிரான்ஸ் பக்கம் பயணம் கிளம்புகிறார். எங்கே போக வேண்டும், என்ன பார்க்க வேண்டும் என்று பாரிஸை நன்கறிந்த ஈவ்லின் நீண்ட கடிதம் எழுதிக் கொடுக்கிறார். திரும்பி வந்த நாளிலிருந்து எலிசபெத்துக்குக் காய்ச்சல். ஊருக்கு வந்ததும் நேரில் வந்து நன்றி சொல்லாததற்கு மன்னிக்க வேண்டும், மனைவி பிழைப்பாள் என்ற நம்பிக்கை இல்லை என்று நவம்பர் 2 அன்று பீப்ஸ் ஈவ்லினுக்கு எழுதுகிறார். நவம்பர் 10 அன்று எலிசபெத் இறந்தார். வயது 29. நான்கு மாதத்தில் ஈவ்லினின் தம்பி. ஒரே வருடத்துக்குள் ஒருவர் மற்றவர் வீட்டு நோய்க்கும் பயணத்துக்கும் சாவுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

ஜேன் டர்னர் பக்கமும் இப்படித்தான். 1664 மார்ச்சில் பீப்ஸின் தம்பி டாம் சாகக் கிடந்தபோது அந்த அறையில் ஜேனும் இருந்தார். தம்பி கண்ணெதிரே போவதைப் பார்க்க மனமில்லாமல் பீப்ஸ் ஜேனை வீட்டில் விட்டுவர வெளியே நடந்தார். சில நிமிடத்தில் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. மார்ச் 15. கல் நாளுக்கு இன்னும் பதினோரு நாள்.

1679-இல் பீப்ஸ்மேல் அரசியல் வழக்கு பாய்ந்து லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். ஈவ்லின் மான் இறைச்சி அனுப்பிவிட்டு, தானும் போய்ச் சிறைக்குள் உட்கார்ந்து அவரோடு சாப்பிட்டார். வெளியே வந்தவருக்கு வீடு கொடுத்தவர் வில் ஹ்யூவர். 1660-இல் பீப்ஸிடம் எடுபிடியாகவும் குமாஸ்தாவாகவும் வந்து சேர்ந்த பையன். பின்னால் பெரிய பணக்காரர் ஆகிவிட்டவர்.

1700-இல் அந்த 1658-ஆம் வருடத்துப் புண் மறுபடி திறந்துகொண்டது. கிளாப்பமில் ஹ்யூவரின் வீட்டில்தான் பீப்ஸின் கடைசிக் காலம் கழிந்தது. 1703 மே 26 அன்று அங்கேயே இறந்தார். இளைஞனாக ஒருவர் வீட்டில் அறுத்துக்கொண்டார். கிழவராக இன்னொருவர் வீட்டில் கண்மூடினார். நடுவில் பெரிய உத்தியோகமும் சொந்த வீடும் 3,000 புத்தகங்களும் இருந்தன. உடம்பு முடியாதபோது உதவியது அடுத்தவர் வீட்டுக் கட்டில். உடலைப் பரிசோதித்தபோது இடது சிறுநீரகத்தில் ஏழு கற்கள் கூடுகட்டியிருந்தன.

ஈமச்சடங்கில் பாடையின் துணியைப் பிடித்து வரும்படி ஈவ்லினைக் கேட்டு, துக்க உடையையும் அனுப்பினார்கள். அவருக்கு அப்போது 82 வயது. உடம்பு முடியாமல் போக இயலவில்லை. நாற்பது வருடத்துச் சிநேகிதம் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

*

ஆறரை ஆகிவிட்டது. சட்டம் மேஜைமேலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். நம் சட்டம் நெருங்கிய உறவு என்று ஒரு பட்டியல் தருகிறது: கணவன், மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, சகோதரன், சகோதரி. 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் சேர்ந்தார்கள். ஜேன் டர்னர் மாதிரி ஒன்றுவிட்ட உறவுக்கு அதில் இடமில்லை. ஈவ்லினுக்கும் ஹ்யூவருக்கும் கிடையாது. அவர்கள் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால், பாசத்தாலோ பற்றாலோதான் கொடுக்கிறேன் என்று ஒரு குழுவின் முன் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டும். உறுப்பு வியாபாரம் நடந்த நாடு இது. அந்தக் குழு அவசியம்தான். சிநேகிதத்தை எந்தக் காகிதத்தால் நிரூபிப்பது என்பது அடுத்த வாரம். இறால் எதுவும் வராது.

அதுவரை ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் நடந்த தேதியைப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் தேடி எடுங்கள். அன்றைக்கு ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தவர், பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தவர், ஊரிலிருந்த அம்மாவிடம் போனில் தைரியமாகப் பொய் சொன்னவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, இந்த வருடம் அவரைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிடுங்கள். ஒன்பது பதார்த்தம் தேவையில்லை. சாம்பார் சாதம் போதும்.